வேப்பிலை சோப்பு கிருமியைக் கொல்லுமா?

தட்டில் நடப்பது ஒன்று; தோலில் நடப்பது ஒன்று!

கெலமங்கலம் கடைவீதியில் சோப்பு வாங்கப் போகிறவர்களுக்கு இன்று ஒரு சங்கடம் இருக்கிறது. எதை வாங்குவது என்பதே அந்தச் சங்கடம்.

வேப்பிலைப் படம் போட்ட சோப்பு ஒரு பக்கம். துளசி போட்டது ஒரு பக்கம். மஞ்சள், சந்தனம், கற்றாழை என்று வரிசையாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். "மூலிகை", "இயற்கை", "கிருமிப் பாதுகாப்பு" என்று உறைகளில் கொட்டை எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள்.

வீட்டில் குழந்தைக்குக் காலில் கொப்புளம் வந்திருக்கும். கணவருக்குத் தொழிற்சாலை எண்ணெய் பட்டுக் கை அரிக்கும். "இலை போட்ட சோப்பு வாங்கினால் தீர்ந்துவிடும்" என்று பக்கத்து வீட்டு அம்மாள் சொல்லியிருப்பார்.

தீருமா? இலைக்கு உண்மையிலேயே கிருமியைக் கொல்லும் சக்தி இருக்கிறதா? இருந்தால், அந்தச் சக்தி சோப்பிலும் இருக்கிறதா?

இந்தக் கேள்விக்கு விஞ்ஞானிகள் பல ஆண்டுகளாக விடை தேடியிருக்கிறார்கள். அவர்கள் கண்டுபிடித்தது என்ன?

மூன்று மொழி, ஒரே மரம்

கெலமங்கலம், கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தேன்கனிக்கோட்டை தாலுகாவைச் சேர்ந்த பேரூர். ஓசூரிலிருந்து ராயக்கோட்டை, தர்மபுரி வழியாகச் சேலத்துக்குப் போகும் ரயில் பாதையில் இருக்கிறது. கர்நாடக எல்லை பக்கத்திலேயே.

இந்த வட்டாரத்தில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் சந்தையில் கலந்து ஒலிக்கும். தமிழர் "வேம்பு" என்பதைத் தெலுங்கர் "வேப" என்பார். கன்னடர் "பேவு" என்பார். தமிழரின் பூந்திக்கொட்டை தெலுங்கருக்குக் "குங்குடுகாய". கன்னடருக்கு "அண்டுவாள". புங்க மரத்தைக் கன்னடத்தில் "ஹொங்கே" என்கிறார்கள்.

பெயர்தான் மூன்று. பயன் ஒன்றே. சோப்பு என்ற பொருள் கிராமத்துக்கு வருவதற்கு முன்பே, தலைக்குச் சீயக்காயும், துணிக்குப் பூந்திக்கொட்டையும் உவர்மண்ணும், சொறிக்கு வேப்பிலையும் மஞ்சளும் இருந்தன.

ஆகவே, இலைக்குச் சக்தி உண்டு என்ற நம்பிக்கை விளம்பரக்காரர்கள் உண்டாக்கியது அல்ல. அது பாட்டிமார்கள் கொடுத்த சொத்து. விளம்பரம் அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது.

தோலில் குடியிருப்பவை

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். கிருமி இல்லாத தோல் உலகத்தில் இல்லை.

எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் தோலில் பாக்டீரியாக்கள் இருக்கும். வேர்வை தங்கும் அக்குள், தொடை இடுக்கு ஆகிய இடங்களில் ஒரு சதுர அங்குலத்தில் லட்சக்கணக்கில் இருக்கும். குளித்தால் குறையும். சில மணி நேரத்தில் மயிர்க்கால்களுக்குள்ளிருந்து மறுபடியும் பெருகிவிடும்.

இதைக் கேட்டு யாரும் பயப்பட வேண்டாம். இவற்றில் பெரும்பாலானவை நம்மை ஒன்றும் செய்யாதவை. சில நமக்குக் காவலாகவும் இருக்கின்றன. இடம் காலியாக இருந்தால் கெட்ட கிருமி வந்து உட்காரும். நல்ல கிருமி ஏற்கெனவே உட்கார்ந்திருந்தால் கெட்டதற்கு இடம் கிடைப்பது கஷ்டம்.

கெட்டவற்றில் முக்கியமானது 'ஸ்டபிலோகாக்கஸ் ஆரியஸ்' என்பது. கட்டி, கொப்புளம், சீழ்ப் புண் ஆகியவற்றுக்கு இதுவே பெரும்பாலும் காரணம்.

இதைக் கண்டவர் ஸ்காட்லாந்து நாட்டு அறுவை டாக்டர் அலெக்சாண்டர் ஆக்ஸ்டன். 1880-ல் அவர் கட்டியின் சீழை நுண்நோக்கியின் கீழ் வைத்துப் பார்த்தார். உருண்டை உருண்டையாகக் கொத்துக் கொத்தாக இருந்தன. திராட்சைக் கொத்து என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லால் பெயர் வைத்தார்.

பத்துப் பேரில் சுமார் மூன்று பேருடைய மூக்கில் இந்தக் கிருமி இருக்கிறது. அவர்களுக்கு நோய் எதுவும் இருக்காது. தோலில் வெடிப்போ கீறலோ ஏற்படும்போது உள்ளே நுழைந்து வேலையைக் காட்டும்.

சோப்பு செய்யும் வேலை

அடுத்தது சோப்பு. சோப்பு என்றால் என்ன?

எண்ணெயோ கொழுப்போ ஒரு பங்கு. காஸ்டிக் சோடா கரைத்த நீர் ஒரு பங்கு. இரண்டும் சேர்ந்தால் சோப்பும் கிளிசரினும் உண்டாகும். எந்த நாட்டு சோப்பானாலும் அடிப்படை இதுதான்.

சோப்பின் மிக நுண்ணிய துகளுக்குத் தலைப்பிரட்டையைப் போல ஒரு தலையும் ஒரு வாலும் உண்டு. தலை தண்ணீரை விரும்பும். வால் எண்ணெயை விரும்பும்.

கையில் உள்ள எண்ணெய்ப் பசையில்தான் அழுக்கும் கிருமியும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. சோப்பின் வால் அந்தப் பசையில் போய்க் குத்திக்கொள்ளும். தண்ணீர் ஊற்றும்போது தலை தண்ணீரோடு போகும். தலை போனால் வாலும் போகும், பசையும் போகும், கிருமியும் கூடவே போய்விடும்.

பல கிருமிகளுக்கு மேல்தோல் போன்ற உறை கொழுப்பால் ஆனது. அந்த உறையையும் சோப்பு கிழித்துவிடும்.

ஆகவே, சாதாரண சோப்பே பெரிய வேலை செய்கிறது. கொல்வது கொஞ்சம். கழுவித் தள்ளுவது அதிகம். கிருமி செத்துப் போனால் என்ன, சாக்கடையோடு போனால் என்ன? கையை விட்டுப் போனால் சரி!

சீயக்காயிலும் பூந்திக்கொட்டையிலும் 'சபோனின்' என்ற பொருள் இருக்கிறது. அதற்கும் இதே குணம் உண்டு. அதனால்தான் அவை நுரைக்கின்றன, அழுக்கை எடுக்கின்றன. பாட்டியின் சீயக்காய்ப் பொடியும் ஒரு வகையில் சோப்புதான்.

ரயில்வே டாக்டரின் சோப்பு

தமிழ்நாட்டில் மூலிகை சோப்பு என்றவுடன் பலருக்கு நினைவு வருவது 'மெடிமிக்ஸ்'. அது பிறந்த கதை கவனிக்கத்தக்கது.

டாக்டர் வி.பி.சித்தன் என்பவர் சென்னையில் தெற்கு ரயில்வேயில் மருத்துவராக இருந்தார். கேரளத்துச் சோழயில் என்ற ஆயுர்வேத வைத்தியக் குடும்பத்தைச் சேர்ந்தவர்.

ரயில்வேத் தொழிலாளர்கள் பலர் தோல் உபாதைகளுடன் அவரிடம் வந்தார்கள். கிரீஸ், கரி, வேர்வை, வெயில் ஆகியவற்றிலேயே நாள் முழுவதும் இருப்பவர்கள் அவர்கள்.

தம் குடும்பத்தில் வழிவழியாக வந்த மூலிகை எண்ணெய் முறையை வைத்து, 1969-ல் அவர் ஒரு சோப்பைத் தயாரித்தார். 18 மூலிகைகள் சேர்ந்தது என்று உறையில் போட்டார்கள். வீட்டில் சிறிய அளவில் தொடங்கியது, நாடு முழுவதும் விற்கும் தொழிலாக வளர்ந்தது.

இதில் ஒரு பாடம் இருக்கிறது. நோய் எங்கிருந்து வந்தது? வேலையிலிருந்து வந்தது. இன்று கெலமங்கலத்திலிருந்து ஓசூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்குப் போகிறவர்களும் இயந்திர எண்ணெயில்தான் கை வைக்கிறார்கள். ரோஜாத் தோட்டத்திலும் தக்காளிக் காட்டிலும் வேலை செய்கிறவர்களின் கையில் பூச்சிமருந்து படுகிறது. தோல் முதலில் கெடுவது அங்கேதான். கிருமி பிறகு வருகிறது.

மைசூரும் கல்கத்தாவும்

இதற்கும் முன்பே நம் நாட்டில் செடிகொடிகள் சோப்புக்குள் புகுந்துவிட்டன.

முதல் உலக யுத்தம் நடந்தபோது மைசூர் சமஸ்தானத்துச் சந்தன மரத்தை ஐரோப்பாவுக்கு அனுப்ப முடியவில்லை. மரம் தேங்கியது. எண்ணெயை இங்கேயே எடுக்க முடிவு செய்தார்கள். நாலாம் கிருஷ்ணராஜ உடையார் மன்னர். விசுவேசுவரய்யா திவான். 1916-ல் பெங்களூரில் சர்க்கார் சோப்புத் தொழிற்சாலை தொடங்கப்பட்டது. 'மைசூர் சந்தன சோப்பு' பிறந்தது.

அதே 1916-ல் கல்கத்தாவில் கல்கத்தா கெமிக்கல் கம்பெனி ஏற்பட்டது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவர் கே.சி.தாஸ். அந்தக் கம்பெனி 1920-ல் கொண்டு வந்த வேப்பெண்ணெய் சோப்பே 'மார்கோ'. கசப்பு என்று பொருள்படும் போர்த்துக்கீசியச் சொல்லிலிருந்து வேம்புக்கு 'மார்கோசா' என்று ஒரு பெயர் வந்தது. அதன் சுருக்கமே மார்கோ.

வேம்பின் கசப்பு எதனால் வருகிறது? 1942-ல் சலீமுஸ்ஸமான் சித்திக்கி என்ற ரசாயன விஞ்ஞானி வேப்பெண்ணெயிலிருந்து மூன்று கசப்புப் பொருள்களைத் தனியாகப் பிரித்துக் காட்டினார். 'நிம்பின்', 'நிம்பினின்', 'நிம்பிடின்' என்று பெயர் வைத்தார். பாட்டி சொன்ன வைத்தியம் பரிசோதனைச் சாலைக்குள் நுழைந்துவிட்டது!

கண்ணாடித் தட்டு

பரிசோதனைச் சாலையில் என்ன செய்கிறார்கள்?

வட்டமான கண்ணாடித் தட்டு ஒன்றை எடுப்பார்கள். கடற்பாசியிலிருந்து எடுத்த 'அகர்' என்ற கூழை அதில் ஊற்றி உறைய வைப்பார்கள். கிருமிக்கு வேண்டிய சாப்பாட்டை அதில் கலந்திருப்பார்கள். அதன் மேல் கிருமியைத் தடவுவார்கள்.

பிறகு சிறிய வட்டக் காகிதத்தில் வேப்பிலைச் சாற்றையோ மூலிகை சோப்பின் கரைசலையோ நனைத்து நடுவில் வைப்பார்கள். உடல் சூட்டில் ஒரு நாள் வைத்திருப்பார்கள்.

மறுநாள் பார்த்தால் தட்டு முழுவதும் கிருமி படர்ந்திருக்கும். காகிதத்தைச் சுற்றி மட்டும் ஒரு வளையம் சுத்தமாக இருக்கும். அங்கே கிருமி வளரவில்லை என்று அர்த்தம்.

வேம்பு, மஞ்சள், துளசி மூன்றிலும் இப்படி வளையம் கிடைத்ததாக எத்தனையோ ஆராய்ச்சிகள் சொல்கின்றன. அது பொய் அல்ல. இலைக்குச் சக்தி இருக்கிறது.

ஆனால், தட்டில் நடந்தது தோலிலும் நடக்குமா?

மூன்று வித்தியாசம்

நடக்கும் என்று சொல்லிவிட முடியாது. அதற்கு மூன்று காரணங்கள் உண்டு.

முதலாவது, நேரம். தட்டில் சாறும் கிருமியும் ஒரு நாள் முழுவதும் சேர்ந்திருக்கின்றன. குளிக்கும்போது சோப்பு உடம்பில் இருப்பது அரை நிமிஷமோ ஒரு நிமிஷமோதான். அதற்குள் தண்ணீர் ஊற்றிவிடுகிறோம். சோப்போடு இலையின் சத்தும் போய்விடுகிறது.

இரண்டாவது, அளவு. தட்டில் வைப்பது கெட்டியான சாறு. சோப்பில் சேர்ப்பது பெரும்பாலும் கொஞ்சம். அதுவும் காஸ்டிக் சோடாவின் காரத்தில் வெந்து வருகிறது. இலையில் இருந்த பொருள்கள் எல்லாம் அப்படியே இருக்கும் என்று சொல்ல முடியாது.

மூன்றாவது, ஒப்பிடுவது. இது மிக முக்கியம். மூலிகை சோப்பு கிருமியைத் தடுத்தது என்றால், தடுத்தது மூலிகையா, சோப்பா?

தேங்காய் எண்ணெயில் ஏறத்தாழ பாதி 'லாரிக்' அமிலம். இந்த அமிலம் தானாகவே ஸ்டபிலோகாக்கஸ் போன்ற கிருமிகளைப் பரிசோதனைச் சாலையில் தடுக்கக்கூடியது. ஆகவே, இலை போடாத தேங்காய் எண்ணெய் சோப்பும் தட்டில் ஒரு வளையத்தைக் காட்டலாம்!

அதே சோப்பை இலையோடு ஒன்றும், இலை இல்லாமல் ஒன்றும் செய்து, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும். மூலிகை சோப்பு பற்றி யார் என்ன சொன்னாலும் கேட்க வேண்டிய கேள்வி இது ஒன்றே: "இலை இல்லாத சோப்போடு ஒப்பிட்டார்களா?"

391 நோயாளிகள்

அப்படி ஒப்பிட்டுப் பார்த்த சோதனை ஒன்று வட அயர்லாந்தில் நடந்தது.

ஆஸ்திரேலியாவில் 'டீ ட்ரீ' என்று ஒரு மரம் உண்டு. தேயிலைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. அதன் இலையிலிருந்து எடுக்கும் எண்ணெய் தட்டுச் சோதனையில் கிருமிகளை நன்றாகக் கொல்லும். சாதாரண மருந்துகளுக்கு அடங்காத ஸ்டபிலோகாக்கஸ் கிருமியைக்கூடக் கொல்லும்.

ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த 391 நோயாளிகளை இரண்டு கூட்டமாகப் பிரித்தார்கள். ஒரு கூட்டத்தாரை டீ ட்ரீ எண்ணெய் 5 சதவிகிதம் கலந்த சோப்பு நீரால் கழுவினார்கள். மற்றவர்களைக் குழந்தைகளுக்குப் போடும் சாதாரண சோப்பு நீரால் கழுவினார்கள். அடங்காத கிருமி புதிதாக யார் மேல் வந்து ஒட்டுகிறது என்று கவனித்தார்கள்.

முடிவு 2013-ல் வெளிவந்தது. இலை எண்ணெய் போட்டவர்களிடம் கிருமி சற்றே குறைவு. ஆனால், அந்த வித்தியாசம் தற்செயலாகவும் வரக்கூடிய அளவு சிறியது. இலையினால் பலன் என்று நிரூபணம் ஆகவில்லை.

தட்டில் புலி. தோலில் பூனை!

கராச்சி சேரிகள்

இதைவிடப் பெரிய சோதனை பாகிஸ்தானில் கராச்சி நகரத்துச் சேரிகளில் 2002-ல் தொடங்கி ஒரு வருஷம் நடந்தது. ஸ்டீபன் லூபி என்ற அமெரிக்க டாக்டரும் அவருடைய குழுவினரும் நடத்தினார்கள்.

சுமார் 300 குடும்பங்களுக்குச் சாதாரண சோப்பு கொடுத்தார்கள். இன்னொரு 300 குடும்பங்களுக்குக் கிருமி கொல்லும் ரசாயனம் கலந்த சோப்பு கொடுத்தார்கள். எப்போது, எப்படிக் கை கழுவுவது என்றும் வாரந்தோறும் வந்து சொல்லிக் கொடுத்தார்கள். மூன்றாவது கூட்டம் ஒன்றுக்கு சோப்பு கொடுக்கவில்லை. நோட்டுப் புத்தகமும் பென்சிலும் கொடுத்தார்கள்.

பலன் என்ன தெரியுமா?

சாதாரண சோப்பால் கை கழுவிய வீடுகளில், சோப்பு பெறாத வீடுகளைவிட, 15 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு 53 சதவிகிதம் குறைந்தது. 5 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு நிமோனியா காய்ச்சல் 50 சதவிகிதம் குறைந்தது. தோலில் வரும் சீழ்க் கொப்புளம் 34 சதவிகிதம் குறைந்தது.

கிருமி கொல்லும் சோப்பு கொடுத்த வீடுகளில்? ஏறக்குறைய அதே பலன்தான். கூடுதலாக ஒன்றும் இல்லை.

2005-ல் 'லான்செட்' என்ற புகழ்பெற்ற மருத்துவ ஏடு இந்த முடிவை வெளியிட்டது.

2016 செப்டம்பரில் அமெரிக்க அரசு இன்னும் ஒரு படி மேலே போனது. வீட்டு சோப்புகளில் 'டிரைக்ளோசான்', 'டிரைக்ளோகார்பன்' உட்பட 19 கிருமிநாசினி ரசாயனங்களைச் சேர்க்கக் கூடாது என்று உத்தரவிட்டது. சாதாரண சோப்பையும் தண்ணீரையும்விட அவை மேல் என்று கம்பெனிகள் நிரூபிக்கவில்லை என்பதே காரணம்.

மூலிகை சோப்பு வீணா?

அப்படியானால் வேப்பிலை சோப்பைத் தூக்கி எறிந்துவிட வேண்டுமா?

வேண்டாம். அதுவும் சோப்புதான். சாதாரண சோப்பு செய்யும் வேலையை அதுவும் செய்யும். வாசனை பிடித்திருந்தால், தோலுக்கு ஒத்துக்கொண்டால், விலை கட்டுப்படியானால் தாராளமாகப் போடலாம். மணம் பிடித்ததால் குழந்தை அழாமல் குளிக்கிறது என்றால் அதுவே பெரிய லாபம்.

கிருமிக்காக என்று கூடுதல் விலை கொடுக்க வேண்டியதில்லை. அவ்வளவே.

இயற்கை என்றால் கெடுதல் இல்லை என்று எண்ணுவதும் தவறு. சிலருக்கு மூலிகை எண்ணெயும் வாசனைத் திரவியமும் ஒத்துக்கொள்வதில்லை. தோல் சிவந்து அரித்தால் உடனே நிறுத்திவிட வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கை. வேப்பெண்ணெயைக் கைக்குழந்தைகளுக்கு உள்ளுக்குக் கொடுக்கவே கூடாது. அப்படிக் கொடுத்ததால் மலேசியாவில் குழந்தைகள் வலிப்பு வந்து கடுமையாகப் பாதிக்கப்பட்டதை 1981-ல் டாக்டர்கள் எழுதி எச்சரித்திருக்கிறார்கள்.

உறையைப் படியுங்கள்

சோப்பு வாங்கும்போது முன்பக்கத்துப் படத்தைப் பார்த்தால் போதாது. உறையைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படிக்க வேண்டும்.

அங்கே டி.எப்.எம். என்று ஆங்கில எழுத்தில் போட்டு, பக்கத்தில் ஓர் எண் இருக்கும். சோப்பில் உண்மையான கொழுப்புச் சத்து எத்தனை சதவிகிதம் என்பதை அது சொல்லும். இந்தியத் தர நிர்ணயப்படி குளியல் சோப்புகளில் முதல் தரத்துக்குக் குறைந்தது 76 இருக்க வேண்டும். இரண்டாம் தரத்துக்கு 70. மூன்றாம் தரத்துக்கு 60.

எண் குறைந்தால் மாவுப் பொருள் கூடியிருக்கும். சீக்கிரம் கரைந்துபோகும். இலைப் படத்தைவிட இந்த எண்ணே வாங்குகிறவருக்கு உபயோகம்.

ஒரே சோப்பை வீடு முழுவதும் போடலாமா என்று பலர் கேட்கிறார்கள். 1988-ல் வெளியான ஒரு சோதனையில், வேண்டுமென்றே கிருமி தடவிய சோப்புக் கட்டியால் 16 பேரைக் கை கழுவச் சொன்னார்கள். கழுவிய பிறகு ஒருவர் கையிலும் அந்தக் கிருமி ஒட்டியிருக்கவில்லை. ஆகவே பயம் வேண்டாம். சோப்பைத் தண்ணீரில் ஊற விடாமல் காய வைத்தால் போதும். ஆனால் புண், கொப்புளம் உள்ளவருக்குத் துண்டு மட்டும் தனியாக இருக்க வேண்டும்.

சோப்பு தீர்க்காத நோய்

எந்த சோப்பாலும் தீராத தோல் நோய்கள் பல உண்டு. சோப்பை நம்பி நாளைக் கடத்துவதில்தான் ஆபத்து இருக்கிறது.

ராத்திரியில் அரிப்பு அதிகமாகி, விரல் இடுக்கில் பொரிப் பொரியாக வருவது சிரங்கு. இது பாக்டீரியாவால் வருவது அல்ல. கண்ணுக்குத் தெரியாத பூச்சி ஒன்று தோலுக்குள் துளைத்து முட்டையிடுகிறது. இதற்குத் தனி மருந்து உண்டு. வீட்டில் எல்லோரும் ஒரே சமயத்தில் போட்டுக்கொள்ள வேண்டும். ஒருவர் மட்டும் போட்டால் மறுபடியும் வரும்.

வட்டமாக ஓரம் சிவந்து படர்வது படர்தாமரை. இது காளான் இனத்தைச் சேர்ந்த கிருமி. கடையில் கேட்டு வாங்கும் களிம்புகள் சிலவற்றில் 'ஸ்டீராய்டு' இருக்கும். போட்டவுடன் அடங்கும். பிறகு முன்னைவிட அதிகமாகப் படரும். டாக்டரிடம் காட்டியே மருந்து வாங்க வேண்டும்.

நிறம் வெளுத்த தேமல் போல ஒரு திட்டு இருந்து, அந்த இடத்தில் தொட்டால் உணர்ச்சி இல்லை என்றால் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது. அது தொழுநோயாக இருக்கலாம். ஆரம்பத்திலேயே வந்தால் முழுவதும் குணமாகும். அரசு ஆஸ்பத்திரியிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் மருந்து இலவசம்.

சர்க்கரை நோய் உள்ளவருக்குக் காலில் சிறு புண் வந்தாலும் அலட்சியம் கூடாது. வேப்பிலை சோப்பால் கழுவிப் பார்ப்போம் என்று ஒரு வாரம் காத்திருந்தால், விரலையே எடுக்க வேண்டிய நிலை வரலாம்.

குழந்தைக்குக் கொப்புளத்தோடு காய்ச்சல் இருந்தாலும், புண்ணைச் சுற்றிச் சிவப்பு பரவினாலும் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும்.

வீட்டில் செய்கிறவர்களுக்கு

மகளிர் குழுக்கள் பல இன்று வீட்டிலேயே மூலிகை சோப்பு செய்து விற்கின்றன. நல்ல தொழில். ஆனால் கவனம் தேவை.

காஸ்டிக் சோடா தோலையும் கண்ணையும் பொசுக்கிவிடும். சோடாவைத் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது, பொங்கித் தெறிக்கும். அலுமினியப் பாத்திரம் ஆகாது. கையுறையும் கண்ணாடியும் அணிய வேண்டும். பக்கத்தில் குழந்தைகள் இருக்கக் கூடாது.

ஒரு கிலோ தேங்காய் எண்ணெய்க்குச் சுமார் 180 கிராம் சோடா பிடிக்கும். எண்ணெய்க்கு எண்ணெய் இந்த அளவு மாறும். கண் அளவில் போட்டால் சோடா மிஞ்சி, வாங்கியவர் தோல் வெந்துவிடும். தராசில் நிறுத்தே போட வேண்டும். செய்த கட்டியை நான்கு முதல் ஆறு வாரம் காற்றில் ஆற வைத்த பிறகே விற்க வேண்டும்.

தேய்ப்பதே மருந்து

கடைசியாக ஒரு விஷயம். எந்த சோப்பு என்பதைவிட எப்படிப் போடுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

கையை நனைத்து, சோப்புப் போட்டு, குறைந்தது 20 விநாடி தேய்க்க வேண்டும். ஒன்றிலிருந்து இருபது வரை நிதானமாக எண்ணினால் சரியாக இருக்கும். உள்ளங்கை, புறங்கை, விரல் இடுக்கு, கட்டைவிரல், நகக்கண் எதையும் விடக் கூடாது. பிறகு ஓடும் தண்ணீரில் அலம்பிச் சுத்தமான துணியில் துடைக்க வேண்டும்.

மலம் கழித்த பிறகு, குழந்தைக்குக் கால் கழுவிய பிறகு, சமைக்கும் முன், சாப்பிடும் முன், ஊட்டும் முன், புண்ணைத் தொடும் முன்னும் பின்னும் கழுவ வேண்டும். பூச்சிமருந்து தொட்ட கையோடு வெற்றிலை போடுவதும் பீடி பிடிப்பதும் விஷத்தை வாயில் போடுவதற்குச் சமம்.

அளவுக்கு மீறித் தேய்ப்பதும் கெடுதல். தோலுக்கு இலேசான புளிப்புத் தன்மை உண்டு. சோப்புக்குக் காரத் தன்மை. ஓசூர் வட்டாரம் கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மார்கழிக் குளிரில் இங்கே தோல் வறண்டு வெடிக்கும். வெடிப்பே கிருமிக்குக் கதவு. குளித்து முடித்து ஈரம் காய்வதற்குள் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டால் அந்தக் கதவு மூடும். கழுவிவிடும் சோப்பைவிடத் தோலிலேயே தங்கும் எண்ணெய்க்கு வேலை செய்ய நேரமும் அதிகம்.

வேம்பு நல்ல மரம். அதன் நிழலும் நல்லது, காற்றும் நல்லது. அதன் இலையை சோப்பில் போட்டாலும் குற்றம் இல்லை. ஆனால் குழந்தையின் தோலைக் காப்பாற்றுவது உறையில் உள்ள இலை அல்ல. ஒரு கட்டி சோப்பும், ஒரு சொம்பு நல்ல தண்ணீரும், இருபது எண்ணும் வரை தேய்க்கும் தாயின் கையும்தான்!